கருவாட்டுப் பெட்டிக்குள் வைத்த மருந்து

கோபத்தோடும் கொஞ்சலோடும் என் அம்மாவுக்கு,

வரப்போகும் உங்கள் முதலாம் ஆண்டு நினைவு நாளின் மலருக்கென்று அச்சுக்கூடத்தில் ஒரு மாதிரி தந்தார்கள். "அன்பின் திருவுருவே, பண்பின் பெட்டகமே" என்று தொடங்கி நான்கு பக்கம் ஓடுகிறது. பெயரையும் திகதியையும் மாற்றினால் போதுமாம். வாசித்தேன், மடித்து மேசையில் வைத்தேன். நீங்கள் திருவுருவமும் இல்லை, பெட்டகமும் இல்லை. மீன் எடுக்க வந்த முதலாளியின் கையிலிருந்து தராசைப் பறித்துத் தாழ்வுபாட்டுக் கரை முழுக்கக் கேட்கச் சண்டை போட்ட மனிசி. உங்களைப் பற்றி எழுதுவதென்றால் நானே எழுதுகிறேன். ஊரும் வாசிக்கட்டும்.

முதலில் செய்தி. நான் மறுபடியும் கர்ப்பமாக இருக்கிறேன் அம்மா. ஒன்பதாவது கிழமை. கொழும்பில் உறையவைத்திருந்த கரு இரண்டில் ஒன்றை வைத்தார்கள். "மீன் மாதிரி ஐசில போட்டு வைச்சிருக்கினமோ?" என்று அன்றைக்குக் கேட்டீர்களே, அதில் ஒன்றுதான். தங்கியிருக்கிறது. இதுவரைக்கும் தங்கியிருக்கிறது என்று சொல்வதுதான் சரி.

காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அதே குளிசை. வாயால் விழுங்குவதில்லை, உள்ளே வைப்பது. வெள்ளையாக, மெழுகில் செய்த சின்ன விரல் நுனி மாதிரி இருக்குமே, அதுதான். வைத்துவிட்டு அரை மணித்தியாலம் காலை நீட்டிப் படுக்கிறேன். பிறகு நாள் முழுக்க மெழுகு கசிகிறது. துணி வைத்துக்கொண்டுதான் கந்தோருக்கு வேலைக்குப் போகிறேன். மார்பு கனக்கிறது, வயிறு ஊதுகிறது, இருந்த கதிரையிலேயே நித்திரை வருகிறது. எரிச்சலும் வருகிறது. அந்த எரிச்சல் மருந்தாலா, உங்களாலா என்று எனக்கே தெரியவில்லை.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இதை வாசிக்கப்போகிறவர்களுக்குத் தெரியாது, ஆகவே சொல்லிவிடுகிறேன். பிள்ளை தானாக உண்டாகும்போது கருப்பையின் உட்பக்கத்தை மெத்தென்று வைத்திருக்க உடம்பு ஒன்றைச் சுரக்கும். புரோஜெஸ்தரோன் என்று பெயர். வெளியே உண்டாக்கிய கருவை உள்ளே வைக்கும்போது பல பெண்களின் உடம்பு அதைப் போதிய அளவு சுரப்பதில்லை. ஆகவே மருந்தாகக் கொடுக்கிறார்கள். எனக்குப் பன்னிரண்டாவது கிழமை வரைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். நீரிழிவுக்கு நீங்கள் குளிசை போட்டதும் இதுவும் ஒன்றுதான். இதில் வெட்கப்பட என்ன இருந்தது அம்மா?

பதினொரு வருடம் எனக்குப் பிள்ளை இல்லை. ஊரில் எத்தனை ஞானஸ்நானம் நடந்தது! ஒவ்வொன்றுக்கும் பலகாரம் சுட என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு தரம்கூட ஞானத்தாயாக நிற்க என்னைக் கேட்டதில்லை. வயிறு திறக்காதவள் பிள்ளையை ஏந்தக்கூடாதாம். இதை யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. நீங்கள்தான் அதை எனக்கு முன்பே தெரிந்துகொண்டு, அந்தந்த நாளில் "கால் நோகுது பிள்ளை, நீ வீட்டில நில்" என்று என்னை மறித்தீர்கள். அப்போது உங்கள் மேல் பாசமாக இருந்தது. இப்போது நினைத்தால் கோபம் வருகிறது. அவர்கள் வீட்டு வாசலில் நின்று, தராசைப் பறித்த மாதிரி ஒரு நாள் நீங்கள் கேட்டிருக்கக்கூடாதா? மீனுக்குப் போட்ட சண்டையை மகளுக்குப் போட்டிருக்கக்கூடாதா?

சிகிச்சைக்குப் போவதென்று நானும் அவரும் முடிவெடுத்தபோது நீங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். குசினியில் நின்று மீன் வெட்டிக்கொண்டே கேட்டீர்கள்.

"கோயில்ல இதை ஏற்கமாட்டினம் எல்லோ?"

"ஓம் அம்மா. ஏற்கமாட்டினம்."

"அப்ப ஒருத்தரிட்டையும் சொல்லாத. நானும் சொல்லன். கேட்டா, அம்மாவுக்குக் கண் காட்டப் போறம் எண்டு சொல்லு."

அன்றிலிருந்து இரண்டு வருடம் உங்களுக்குக் கண் வருத்தம். ஒவ்வொரு தரமும் கொழும்புப் பஸ்ஸில் எங்களோடு ஏறினீர்கள். பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்கா, "அப்பிடி என்ன கண் வருத்தமணை, எலும்பு முறிஞ்சவனே இந்த அளவுக்குப் போகமாட்டான்" என்று கேட்டபோது, "ரெண்டு கண் எல்லோ, ஒவ்வொண்டாப் பாக்கினம்" என்று சொன்னீர்கள். பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லி இலுப்பைக்கடவைக்குக் கலியாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டு போனோம். அப்போது எனக்கு அந்தப் பொய் இனித்தது. பொய்க்குப் பழகிவிட்டால் கை தானாகவே மறைக்கத் தொடங்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

கரு தங்கியது. ஆறாவது கிழமை ஸ்கேனில் துடிப்புத் தெரிந்தது. அரிசி மணி அளவு ஒன்று திரையில் மினுங்கியது. நீங்கள் சிலுவை போட்டீர்கள். மருந்தைக் குளிரில் வைக்கச் சொன்னார்கள், மன்னார் வெயிலுக்கு அது வெளியே நிற்காது. பிரிட்ஜின் கீழ்த்தட்டில், முட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்தப் பெட்டியில் கொட்டை எழுத்தில் மருந்தின் பெயர் இருந்தது. மேலே மருத்துவ நிலையத்தின் ஒட்டுத்தாள், அதில் என் பெயர்.

அதற்குப் பிறகு வந்தது வீடு மந்திரிப்பு.

உயிர்ப்புப் பெருவிழா முடிந்ததும் வருடா வருடம் நடப்பதுதான். மூப்பர் தீர்த்தச் செம்பைத் தூக்க, சபைப் பெண்கள் பின்னால் பாடிவர, பாதர் வீடு வீடாக வந்து மந்திரிப்பார். விறாந்தை, அறை, குசினி, கொட்டில், வலை, எஞ்சின் எல்லாவற்றுக்கும் தீர்த்தம் தெளிப்பார். முடிந்ததும் வந்தவர்களுக்குச் சோடா கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் சோடாவை எடுப்பது எப்போதும் பிலோமினா அக்காதான். யாரும் கேட்காமலே குசினிக்குள் போய், பிரிட்ஜைத் திறந்து, நின்று நிதானமாக உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்துவிட்டுத்தான் போத்தலை எடுப்பா. மற்ற எந்த ஊரில் பாதர் வீட்டுக்கு வருவதற்கு முதல் பிரிட்ஜுக்குப் பயப்படுவார்கள்? நீங்கள் பயந்தீர்கள்.

அன்று நான் ஆறு மணிக்கு மருந்தை வைத்துவிட்டு, படுத்தெழும்பி, மன்னார்ப் பட்டினத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன். அவர் கடலுக்குப் போய்விட்டார். எட்டு மணிபோல, மூன்று வீடு தள்ளிப் பாட்டுச் சத்தம் கேட்டதும் நீங்கள் என் மருந்துப் பெட்டியை எடுத்திருக்கிறீர்கள். உங்கள் அலுமாரிக்குள் வைத்திருக்கலாம். அரிசி வாளிக்குள் வைத்திருக்கலாம். அறையையும் குசினியையும் பாதர் மந்திரிப்பார், யாராவது கண்டுவிடுவார்கள் என்று யோசித்து, பின்னால் தகரக் கொட்டிலுக்குள் கொண்டுபோய்க் கருவாட்டுப் பெட்டிக்குள் வைத்தீர்கள். மேலே நாலு கட்டாக் கருவாட்டையும் போட்டு மூடினீர்கள். அதை யார் கிளறப்போகிறார்கள்? ஒருவரும் கிளறவில்லை.

எங்கள் வீடு முடிந்ததும் பெட்டியைத் திரும்பப் பிரிட்ஜுக்குள் வைக்கத்தான் நினைத்திருந்தீர்கள். ஆனால் மந்திரித்த வீட்டுக்காரி அடுத்த வீட்டுக்குப் பாடிக்கொண்டு கூடப்போக வேண்டும் என்று ஒரு வழக்கம். நீங்கள் போனீர்கள். அதற்கு அடுத்த வீடு, அதற்கும் அடுத்த வீடு. உங்களுக்குப் பாட்டென்றால் பைத்தியம், அதுவும் முதல் குரல் கொடுக்கக் கிடைத்தால் சோறும் வேண்டாம். கடைசி வீட்டில் மீன்கறியோடு சாப்பிட்டு, தேத்தண்ணீரும் குடித்து, மாலை ஐந்தரைக்கு வந்தீர்கள். மே மாத வெயில் நாள் முழுக்கத் தகரத்தில் நின்றது.

நான் வேலையால் வந்து கை கால் கழுவி, பிரிட்ஜைத் திறந்தேன்.

"அம்மா, என்ர மருந்து எங்க?"

நீங்கள் வாயில் கையை வைத்ததை இப்போதும் காண்கிறேன். "ஐயோ மாதாவே" என்று கொட்டிலுக்கு ஓடினீர்கள். நானும் பின்னால் ஓடிவந்தேன். கருவாட்டைத் தள்ளிப் பெட்டியை எடுத்துத் திறந்தால், ஒவ்வொரு குளிசையும் அதன் உறைக்குள் எண்ணெயாக ஆடியது. நீங்கள் அதைப் பறித்துக்கொண்டு பிரிட்ஜுக்கு ஓடினீர்கள்.

"ஐஸ்க்க வைச்சா இறுகும் பிள்ளை. திரும்பவும் இறுகும்."

"விசரோ உங்களுக்கு? மருந்தம்மா இது! மருந்து!"

போனில் கொழும்பு மருத்துவ நிலையத்துத் தாதி மிஸ்ஸி சொன்னா, உருகியதைப் பாவிக்க வேண்டாம், புதிதாக எடுங்கோ என்று. பட்டினத்தில் எந்த மருந்துக் கடையிலும் அது இல்லை. கொழும்பிலிருந்து பஸ்ஸில் போட்டு அனுப்பி, அது கைக்கு வர மூன்று வேளை தப்பிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டிருந்தால் வேறு விதமாக ஏதாவது தந்திருப்பார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். அங்கே வேலை செய்கிற மிஸ்ஸி எங்கள் ஊர்ப் பிள்ளை என்பதற்காக நான் போகவில்லை. அந்த இடத்தில் எனக்கும் வெட்கம்தான் பெரிதாக இருந்தது. அதை உங்கள் தலையில் போட மாட்டேன்.

மூன்றாம் நாள் இரத்தம் கண்டது. பிறகு எந்த வெட்கமும் மிஞ்சவில்லை. ஊர்ப் பிள்ளை மிஸ்ஸிதான் என் கையைப் பிடித்து ஸ்கேன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனா. நீங்கள் வெளியே மர வாங்கில் செபமாலையோடு குந்தியிருந்தீர்கள்.

இனி எழுதப்போவதுதான் நான் ஒரு வருடமாக யாருக்கும் எழுதாதது. அம்மா, அந்த அறைக்குள் நடந்தது உங்களுக்குத் தெரியாது.

டொக்டர் பெண். என் வயதுதான் இருக்கும். திரையைத் தன் பக்கம் திருப்பிவைத்து நெடுநேரம் பார்த்தா. அளந்தா. மறுபடியும் அளந்தா.

"துடிப்பு இல்லை அம்மா," என்றா. "ஆனா இது இப்ப நடந்தது இல்லை. உங்களுக்கு எட்டரைக் கிழமை. பிள்ளையின்ர அளவு ஆறரைக் கிழமையோட நிண்டிட்டுது. நிண்டு ரெண்டு கிழமை இருக்கும்."

"மூண்டு வேளை மருந்து தப்பிப்போச்சு டொக்டர். அதாலயோ?"

"இல்லை. அதுக்கு முதலே முடிஞ்சிட்டுது. நீங்கள் மருந்து வைச்சுக்கொண்டிருந்தபடியா இரத்தம் வராமல் நிண்டிருக்கு. மருந்து தப்பின உடன வந்திட்டுது. இப்பிடித் தொடக்கத்தில நிக்கிறது அநேகமா அந்தக் கருவில இருக்கிற பிழையாலதான். ஆரும் செய்த குற்றம் இல்லை. உங்களையும் குறை சொல்லாதேங்கோ, வேற ஒருத்தரையும் குறை சொல்லாதேங்கோ."

இவ்வளவையும் கேட்டுவிட்டு, உடுப்பைச் சரிசெய்துகொண்டு, கதவைத் திறந்து வெளியே வந்தேன். நீங்கள் எழும்பி நின்றீர்கள். செபமாலை கையில் சுற்றியிருந்தது.

"என்னவாம் பிள்ளை?"

நான் சொன்னேன்: "உங்கட கருவாட்டுப் பெட்டிக்குள்ளதான் செத்ததாம்."

இதைத்தான் சொன்னேன். டொக்டர் சொன்னது காதில் இருக்க, அந்தக் குரல் ஆறமுதல், உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொன்னேன். நீங்கள் வாங்கில் திரும்ப இருந்து, செபமாலையை மடித்துப் பைக்குள் வைத்தீர்கள்.

ஏன் சொன்னேன்? அந்த நேரம் எனக்குக் கோபப்பட ஒரு ஆள் வேண்டியிருந்தது அம்மா. கருவில் பிழை என்றால் யாரோடு சண்டை பிடிப்பது? கடவுளோடு பிடித்துப் பதினொரு வருடம் ஆயிற்று. நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றீர்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு உங்கள் முகத்தைக் கண்டதும் கொட்டில் ஞாபகம் வந்தது, கருவாட்டு மணம் வந்தது. கிடக்கட்டும் இன்னும் ஒரு நாள் என்று விட்டேன். அவர் கடலால் வந்து கேட்டபோதும் அதே பொய்யைத்தான் சொன்னேன். "மாமி தெரிஞ்சு செய்தவவோ? விடு" என்று அவர் சொன்னதற்கு அவரோடும் இரண்டு நாள் பேசவில்லை.

அந்த ஞாயிறு பூசையில் பாதரிடம் நன்மை அப்பம் வாங்க எல்லாரும் வரிசையாக எழும்பினார்கள். நீங்கள் எழும்பவில்லை. எனக்குத் தெரிந்த நாளிலிருந்து ஒரு ஞாயிறும் நன்மை வாங்காமல் விட்டதில்லை நீங்கள். காய்ச்சலோடும் போனவர். அடுத்த ஞாயிறு பின் வாங்குக்கு மாறினீர்கள். அதற்கடுத்த ஞாயிறு வாசலுக்குப் பக்கத்தில், கதவு நிழலில் இருந்தீர்கள். பாட்டுக்கும் வாய் திறக்கவில்லை. கருவாடு சாப்பிடுவதையும் விட்டீர்கள். பெட்டியை யாரிடமோ கொடுத்துவிட்டீர்கள். கொலை செய்தவள் நற்கருணையைத் தொடக்கூடாது என்று உங்களுக்கு நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டீர்கள். நான் முன் வரிசையில் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்று தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து ஞாயிறு. எண்ணி வைத்திருக்கிறேன்.

அதற்குள் நீங்கள் செத்துப்போனீர்கள். காலையில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவர் விளக்குமாற்றைப் பிடித்தபடி சரிந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் காதுக்குள் சொன்னேன், "அம்மா, நீங்கள் இல்லை, நீங்கள் ஒண்டும் செய்யேல்லை." கேட்டதா? ஒரு விரலாவது அசைத்திருக்கக்கூடாதா? வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த வாய், அன்றைக்கு மட்டும் ஏன் மூடிக்கொண்டது? எனக்குக் கோபம் வருகிறதா இல்லையா? ஒரு பிள்ளை பொய் சொன்னால் தாய்க்குத் தெரிய வேண்டாமா? "பொய் சொல்லாதடி" என்று கன்னத்தில் ஒன்று போட்டிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேனே! சின்ன வயதில் கச்சான் கடலை திருடியதைக் கண்டுபிடித்த உங்களுக்கு இது மட்டும் எப்படி உண்மையாகப் பட்டது?

ஒன்று மட்டும் எனக்கு விளங்காமல் கிடந்தது. பாவம் என்று நினைத்தால் அதைப் பாதரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வதுதானே வழக்கம்? நாக்கில் ஒரு பொய் வந்தாலே சனிக்கிழமை போய் முழங்காலில் நிற்பவர் நீங்கள். ஏன் போகவில்லை? முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு பிலோமினா அக்காதான் அந்தக் கதையை எடுத்தா.

"கொம்மா ஏன் பிள்ளை நன்மை வாங்காமல் இருந்தவ? நான் கேட்டனான். முதல்ல, குளிசை போடச் சாப்பிட வேண்டிக் கிடக்கு, சாப்பிட்டிட்டு நன்மை வாங்கக்கூடாது, அதாலதான் எண்டவ. நான் விடேல்லை. மனசில என்னவும் கிடந்தா பாவசங்கீர்த்தனம் செய்யுங்கோவன் எண்டன்."

"என்ன சொன்னவ?"

"போனா இன்னொரு ஆளின்ர கதையையும் சேத்துச் சொல்ல வேணும் பிலோமி, அது என்ர கதை இல்லை எண்டு சொன்னவ. ஆற்ற கதையாம் பிள்ளை அது?"

நான் எழும்பிப்போய்க் கிணற்றடியில் நின்றேன். வெங்காயம் என்று சொல்லிக்கொண்டேன். என் பெயர் வெளியே வரக்கூடாதென்று, பாதரின் காதுக்குள்கூடப் போகக்கூடாதென்று, மன்னிப்பையே வேண்டாம் என்று விட்டிருக்கிறீர்கள். செய்யாத ஒன்றுக்கு! யார் கேட்டது அம்மா உங்களிடம்? இப்படி ஒரு காவலை யார் கேட்டது? இதைக் கேட்ட நாளிலிருந்து நான் உங்களைத் திட்டாத நாள் இல்லை. திட்டி முடிக்கும்போது அது என் மேலேயே வந்து விழுகிறது. மறுநாள் முதலிலிருந்து திட்டுகிறேன்.

இந்த வருடமும் உயிர்ப்புப் பெருவிழா வந்தது, முடிந்தது. போன சனிக்கிழமை பாதர் வீடு மந்திரிக்க வந்தார். அதே பாதர்தான், அதே மூப்பர், அதே பாட்டு. முதல் குரலுக்குத்தான் ஆள் சரியில்லை; பிலோமினா அக்கா எடுத்துவிட்டு நடுவில் மூச்சு வாங்குகிறா. நான் லீவு போட்டு வீட்டில் நின்றேன். அவரையும் கடலுக்குப் போகவிடவில்லை.

பாட்டுச் சத்தம் பக்கத்து வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜைத் திறந்தேன். மருந்துப் பெட்டியை எடுத்தேன். விறாந்தையில் மாதா சுரூபம் வைத்த மேசையில், இரண்டு மெழுகுதிரிக்கும் நடுவில், ஒட்டுத்தாளில் என் பெயர் தெரியத்தக்கதாக வைத்தேன். அவர், "ஜெனி, வேணாமே?" என்று கேட்டார். "கொளுத்தாதேங்கோ, மெழுகுதிரியைக் கொளுத்தாதேங்கோ, சூடு படும்" என்று மட்டும் சொன்னேன். பெட்டியை முன்னுக்கும் பின்னுக்குமாக இரண்டு தரம் நகர்த்தினேன். வைராக்கியமா பயமா என்று பிரிக்க முடியவில்லை.

உள்ளே வந்தார்கள். பாதர் செபத்தைத் தொடங்கமுதல் மேசையைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை மெழுகுதிரி கொளுத்தேல்லை? இது என்ன பெட்டி?"

"பிள்ளை தங்கிறதுக்கு வைக்கிற மருந்து பாதர்," என்றேன். "சோதனைக் குழாய் முறையில உண்டான பிள்ளை. போன வருசமும் ஒண்டு உண்டாகி நிண்டுபோச்சு. அப்ப உங்களுக்குத் தெரியக்கூடாதெண்டு அம்மா மருந்தை ஒளிச்சவ."

பாட்டு நின்றுவிட்டது. சபைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சோடா எடுக்கக் குசினிப் பக்கம் போய்க்கொண்டிருந்த பிலோமினா அக்கா அந்த இடத்திலேயே நின்றா. நான் எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக நின்றேன். ஒரு சொல் சொல்லட்டும், இவ்வளவு நாளும் சேர்த்து வைத்ததை எல்லாம் எடுத்துவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பாதர் பெட்டியைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார்.

"என்ர தங்கச்சியும் இதைத்தான் வைச்சவ," என்றார். "ரெண்டு வருசத்துக்கு முன்னம். திருச்சபை என்ன சொல்லுது எண்டு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பிறகு இருந்து கதைப்பம். இப்ப இதைக் கொண்டுபோய்ப் பிரிட்ஜுக்க வையுங்கோ, உருகிப்போகும்."

பெட்டியின் மேல் ஒரு துளி தீர்த்தம் தெளித்து, என் கையில் தந்தார்.

அம்மா, இவ்வளவுதானா? இந்த மனிதருக்குப் பயந்தா கொட்டிலுக்கு ஓடினீர்கள்? பிரிட்ஜுக்குள் வை என்று சொல்லத் தெரிந்த மனிதருக்குப் பயந்தா பத்து ஞாயிறு கதவு நிழலில் இருந்தீர்கள்? பெட்டியைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே குழறி அழுதேன். எல்லாரும் நான் சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்தார்கள். பிலோமினா அக்கா வந்து என் தலையைத் தடவினா. "அப்ப கண் வருத்தம் எண்டது இதுதானே?" என்று காதுக்குள் கேட்டா. அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. பிறகு அவவே பெட்டியை வாங்கிக்கொண்டுபோய் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தா.

ஊர் இப்போது கதைக்கிறது. கதைக்கட்டும். கோயில் வாசலில் நான் போகும்போது பேச்சு நிற்கிறது, தாண்டியதும் தொடங்குகிறது. அதற்காகத்தான் இந்த மலரிலும் எழுதுகிறேன், மிச்சம் மீதி தெரியாதவர்களும் தெரிந்துகொள்ளட்டும். என் அம்மா பத்து ஞாயிறு நன்மை வாங்காமல் இருந்ததற்குக் காரணம் அவ செய்த பாவம் இல்லை. மகள் சொன்ன பொய். இதை அச்சில் போட வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். போடுவேன் என்றேன். நீங்கள் என் பெயரைக் காத்த மாதிரி உங்கள் பெயரை நான் காக்க வேண்டாமா?

பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். பாதர் என்ன சொன்னார் என்பது எனக்கும் அவருக்கும் உள்ளது. ஆனால் உங்களிடம் கேட்க வேண்டியதை அவரிடம் கேட்டு முடிக்க முடியவில்லை. நீங்கள் என்னை மன்னிப்பீர்களா என்று கேட்கமாட்டேன். மன்னித்துத்தான் இருப்பீர்கள், அதுதானே உங்கள் வியாதி. நான் உங்களை மன்னிக்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது: மருந்தை ஒளித்ததற்கு இல்லை, என் சொல்லை அப்படியே நம்பியதற்கு. அதற்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். இப்போதும் காலை ஆறு மணிக்குக் கால் நீட்டிப் படுத்திருக்கும்போது முகட்டைப் பார்த்து உங்களோடு சண்டைதான் பிடிக்கிறேன்.

வருகிற வியாழன் ஸ்கேன். துடிப்பு இருக்குமோ இல்லையோ எனக்குத் தெரியாது. மருந்து ஒழுங்காக வைக்கிறேன், ஆனால் மருந்தால் எல்லாவற்றையும் பிடித்து வைக்க முடியாது என்று இப்போது தெரியும். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். ஸ்கேன் அறையால் வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகமாட்டேன், அவரோடும் முதலில் பேசமாட்டேன். நேரே சேமக்காலைக்கு வருவேன். உங்கள் கல்லறைக்கு முன்னால் நிற்பேன். "என்னவாம் பிள்ளை?" என்று நீங்கள் கேட்பீர்கள். டொக்டர் சொன்னதை, நல்லதோ கெட்டதோ, ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே சொல்லுவேன்.

அன்றைக்கு அந்த வாங்கில் இருந்த உங்களிடம் பொய் சொன்ன,
உங்கள் மூத்த மகள்
ஜெனிற்றா